சுவரிலிருந்து பீடத்துக்கு: எங்கள் வீட்டுக் கடமான் தலையைச் சீர்செய்த இருவரின் வேலை

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், கணப்புக்கு மேலே ஏறத்தாழ 60 ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்த பாடம் செய்த கடமான் தலையைச் சென்ற ஐப்பசியில் சுவரிலிருந்து இறக்கினோம். தை பிறந்து இரண்டு வாரம் கழித்து அது கூடத்தின் கிழக்கு மூலையில், தேக்கு மரப் பீடத்தின்மேல், நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்க்கும்படி நின்றது. இடைப்பட்ட மூன்று மாதத்தில் இருவர் வேலை செய்தார்கள். தலையைச் சீர்செய்தவர் ஓர் அருங்காட்சியகத்தில் பாடம் செய்யும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். பீடம் செய்தவர் குன்னூரில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி. சான்றிதழ் இல்லாத கொம்பையும் தோலையும் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்து நிற்கிறார்கள் என்பதால் தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். ஆசாரியின் வேலையில் நான் குறை சொல்லப்போகிறேன் என்பதால் அவர் பெயரையும் விட்டுவிடுகிறேன். மலையில் இதுபோன்ற பழைய தலைகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் பரணில் போட்டுவைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் காகிதம். இந்தத் தலை எங்கள் குடும்பத்தில் யாரும் வேட்டையாடியது அன்று. என் கணவரின் தாத்தா ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளார்க்காக இருந்தார். 1960-களின் தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவர், உடன் கொண்டுபோக முடியாத மேசை நாற்காலிகளோடு இதையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். நீலகிரியில் வேட்டைக்குக் கட்டுப்பாடு மிக முன்னதாகவே வந்துவிட்டது. நீலகிரி வேட்டைச் சங்கம் 1877-இல் தொடங்கப்பட்டது. வேட்டைப் பிராணிகளையும் மீன்களையும் காப்பதற்கென்று இம்மாவட்டத்துக்கு 1879-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். ஆனால் இன்று நம்மைக் கட்டுப்படுத்துவது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி என் மாமனார் உரிமைச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தார். அவர் காலமானபின், வாரிசுகள் 90 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்ற விதிப்படி என் கணவர் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதித் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். இப்படிப்பட்ட பொருளை விற்க முடியாது. பாடம் செய்யும் தொழிலையும் உரிமம் இல்லாமல் யாரும் நடத்த முடியாது. ஆகையால் வேலை தொடங்குவதற்கு முன்பே வனத்துறைக்கு விண்ணப்பித்தோம். எழுத்தில் பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை பெரியவர் எங்கள் வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை. வந்த அன்றும் காப்பியை ஆறவிட்டுச் சான்றிதழை வாங்கிப் படித்தார்; அதில் எழுதியிருந்த கொம்பின் நீளத்தைத் தம் நாடாவால் இரண்டு பக்கமும் அளந்து, சரிதான் என்று தலையசைத்த பிறகே துணிப்பையைத் திறந்தார். அந்த ஒரு செயலிலேயே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

தலையின் நிலைமை மோசமாகத்தான் இருந்தது. கணப்புக்கு மேலே மாட்டியதுதான் மூலக் காரணம் என்றார் அவர். மார்கழி இரவுகளில் கணப்பின் வறண்ட சூடு தோலை இழுத்துச் சுருக்கும். மழைக்கால மூடுபனி உள்ளே புகுந்து அதே தோலை ஈரம் உறிஞ்சி உப்பவைக்கும். ஆண்டுக்கு ஆண்டு இப்படி இழுத்து விட்டதில் இடது கண்ணின் முன்கோணத்திலும், மேலுதட்டின் விளிம்பிலும், பிடரியில் ஓடும் தையலிலும் தோல் பிளந்திருந்தது. பிடரிப் பிளவில் என் சுண்டுவிரல் நுழையும். உள்ளே மரச்சீவலும் சணலும் தெரிந்தன. இந்த மலைகளிலிருந்து பெரிய துரைமார்கள் தங்கள் வேட்டைப் பொருள்களை மைசூரில் 1999 வரை இயங்கிய வான் இங்கன் பட்டறைக்கு அனுப்புவது வழக்கம். அங்கே காகிதக் கூழை அச்சில் வார்த்து, தசையின் மேடுபள்ளம் தெரியும்படி உள்ளுருவம் செய்தார்கள். எங்களுடையதில் அப்படி எந்தப் பட்டறையின் முத்திரையும் இல்லை. நடுவில் ஒரு மரக்கட்டை, அதைச் சுற்றிச் சீவலை அடைத்து, களிமண் பூசி, தோலைப் போர்த்தித் தைத்த எளிய வேலை. இப்போது உலகெங்கும் பாலியூரித்தேன் நுரையில் வார்த்த உருவங்களின்மேல்தான் தோலைப் போர்த்துகிறார்கள். அவை ஈரத்தால் வீங்குவதில்லை. ஆனால் பழைய உள்ளுருவத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் யோசனையைப் பெரியவர் ஏற்கவில்லை. 60 ஆண்டு காய்ந்த தோலை உரித்தால் அப்பளம்போல் நொறுங்கும் என்றார்.

இதுபோன்ற தலை வீட்டில் உள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை அவர் முதல் நாளே சொன்னார். பழைய காலத்துப் பாடங்களில் பூச்சி அரிக்காமல் இருக்கத் தோலின் உட்புறம் பாஷாணம் கலந்த சோப்பைத் தடவினார்கள். அந்தப் பாஷாணம் ஆண்டுகள் கழிந்தும் செயலற்றுப் போவதில்லை. தையல் வழியாகவும் பிளவு வழியாகவும் பொடியாக வெளியே வந்து மயிரில் தங்குகிறது. என் மாமியார் ஒவ்வொரு பொங்கலுக்கும் கோழியிறகுத் துடைப்பத்தால் இந்தத் தலையைத் தட்டித் துடைத்தது நினைவுக்கு வந்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெரியவர் மேசைமேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பேரக்குழந்தைகளை அறைக்குள் வரவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். துடைத்த பஞ்சையெல்லாம் தனிப் பையில் கட்டிவைத்தார். அடுப்பில் போட்டு எரிக்கவே கூடாது என்றார்.

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தபோது, பழுப்பு நிறத்தில் மயிர் அடர்ந்த சிறு கூடுகள் உதிர்ந்து கிடந்தன. தோல் வண்டின் புழுக்கள் கழற்றிப்போட்ட சட்டைகள் அவை. பொதுவாக இப்படிப்பட்ட பொருளைப் பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி, உறைபெட்டியில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும். எங்கள் கடமானின் கொம்பு விரிவுக்கு எந்தப் பெட்டியும் போதவில்லை. ஆகையால் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, உறிஞ்சியின் வாயில் கொசுவலையைக் கட்டி மிகக் குறைந்த விசையில் தூசியை இழுத்து, தலையைத் தனி அறையில் வெள்ளைத் துணியின்மேல் மூன்று வாரம் வைத்தார். புதிதாகப் பொடி உதிர்கிறதா என்று நாள்தோறும் துணியைப் பார்ப்பது என் பொறுப்பு. உதிரவில்லை.

பிறகுதான் மயிரைத் துடைத்தார். மானின் மயிர் உள்ளே கூடாக இருப்பதால் குளிரைத் தாங்கும்; அதே காரணத்தால் காய்ந்தபின் முரட்டுத்தனமாகத் தேய்த்தால் முறியும். தண்ணீரும் ஸ்பிரிட்டும் கலந்த கலவையில் பஞ்சை நனைத்து, ஏறக்குறைய உலர்ந்துவிடும் அளவுக்குப் பிழிந்து, மயிர் படிந்த திசையிலேயே ஒற்றி இழுத்தார். முதல் பஞ்சு கெட்டியான தேநீர் டிகாக்ஷன் நிறத்தில் வந்தது. நெற்றியில் உள்ளங்கை அளவு இடத்துக்கு முற்பகல் முழுவதும் ஆயிற்று. கறுப்பு என்று நாங்கள் இத்தனை காலம் நினைத்திருந்த கழுத்துப் பிடரி, சாம்பல் கலந்த பழுப்பு என்பது அன்று மாலைதான் தெரிந்தது. 60 ஆண்டுப் புகை.

பிளவுகளை அடைத்த முறையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முன்பு எங்களுக்கு நேர்ந்த தவறு இதில்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு கடையில் இதே தலையைக் கொடுத்துச் சரிசெய்தோம். அவர்கள் கண்ணோரப் பிளவில் எப்பாக்ஸி மக்கை அழுத்தி, மேலே பெயின்ட் பூசி, மூக்குக்கும் கொம்புக்கும் பளபளக்கும் வார்னிஷ் அடித்து அனுப்பினார்கள். இரண்டே மழைக்காலத்தில் மக்கின் ஓரத்திலேயே புதிய பிளவு வந்தது. புதிய பாடத்துக்கு எப்பாக்ஸி மக்கு பொருத்தமானதே. இமையையும் மூக்குத் துளையையும் அதைக் கொண்டுதான் இன்றும் இழைக்கிறார்கள். பழைய தோலோ பருவத்துக்கு ஏற்ப அசைந்துகொண்டே இருக்கும். கல்லாக இறுகும் மக்கு அசையாது. ஆகவே தோல் அதன் விளிம்பில் கிழியும். பெரியவர் அந்த மக்கைத் துளித்துளியாகச் சுரண்டி எடுத்துவிட்டு, பிளவின் அடியில் மெல்லிய நார்க்காகிதத்தைப் பசையிட்டுப் பாலம்போல் ஒட்டி, அதன்மேல் காகிதக் கூழை இரண்டு மூன்று தடவையாக வைத்து, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின் அடுத்ததை வைத்தார். மழை நாள்களில் ஒரு பூச்சு காய ஐந்து நாள் பிடித்தது. மயிர் கொட்டிப்போன இடங்களுக்குப் புதுத் தோல் துண்டு வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. சாயமேற்றிய வெள்ளாட்டு மயிரை இடுக்கியால் சிறுசிறு கற்றையாக நட்டார். அருகில் போய்ப் பார்த்தாலும் எனக்கு இடம் பிடிபடவில்லை. கையால் தடவினால் பிடிபடலாம். ஆனால் தடவக் கூடாது.

கண்களுக்கு வருகிறேன். என் மதிப்பில் அவர் செய்த வேலையின் உச்சம் இதுதான். மானின் கண்மணி வட்டமாக இருக்காது; கிடைக்கோடாக நீண்டிருக்கும். தலையை மேலே தூக்கினாலும் கீழே தாழ்த்தினாலும் உயிருள்ள மான் அந்தக் கோட்டைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்ள முயலும். எங்கள் தலையில் இடது கண்ணாடிக் கண் எப்போதோ கழன்று, முன்னும் பின்னுமாகச் சாய்த்து ஒட்டப்பட்டிருந்தது. அந்த முகத்தில் ஒரு மருட்சி இருப்பதாக எனக்குச் சிறு வயது மருமகளாக வந்த நாளிலிருந்தே தோன்றும், காரணம் தெரியாது. பெரியவர் பீடத்தில் தலை எந்தச் சாய்வில் நிற்கப்போகிறது என்பதை முதலில் முடிவுசெய்து, அந்தச் சாய்விலேயே தலையை முட்டுக்கொடுத்து நிறுத்தி, இரண்டு கண்ணுக்கும் குறுக்கே நூல் கட்டி, ஆசாரியின் ரசமட்டத்தை வாங்கி நூலோடு பிடித்துப் பார்த்து, இடது கண்ணை அரிசியளவு திருப்பினார். அவ்வளவுதான். மருட்சி போய்விட்டது. சுவரில் இருந்தபோது எங்கோ பார்த்துக்கொண்டிருந்த விலங்கு, காட்டோரத்தில் சத்தம் கேட்டு நிமிர்ந்து நிற்பதுபோல் ஆயிற்று.

கண்ணுக்கு முன்னால் கடமானுக்கு ஆழமான ஒரு சுரப்பிப் பிளவு உண்டு. கோபத்திலோ இணைசேரும் பருவத்திலோ அது விரிந்து மூன்றாவது கண்போலத் தோன்றும். முன்பு வேலை செய்த கடைக்காரர்கள் அதைக் காயம் என்று நினைத்து மக்கால் மூடிவிட்டிருந்தார்கள். இவர் அதை மீண்டும் திறந்து, உள்ளே கரும்பழுப்பை மிக மெல்லியதாகத் தீற்றினார். மூக்கின் வார்னிஷையும் கரைத்து எடுத்தார். மான் மூக்கு கூழாங்கல் பரப்பியதுபோலப் பொடிப்பொடியான மேடுகளால் ஆனது. வார்னிஷ் அந்த மேடுகளை மூழ்கடித்துப் பிளாஸ்டிக் பொம்மைபோல் ஆக்கியிருந்தது. கறுப்பை ஒரே அடியில் பூசாமல், பழுப்பும் சாம்பலும் கலந்து நீர்த்த வண்ணமாக ஐந்தாறு முறை ஏற்றினார். கொம்புகளுக்கு அதிகம் செய்யவில்லை. வார்னிஷை எடுத்ததும் அவற்றின் சொந்த நிறம் வந்தது. பக்கத்துக்கு மூன்று கிளை வீதம் ஆறு முனைகளும், மரத்தில் உரசித் தேய்ந்த வெளுப்போடு தெரிகின்றன. காதுகள் மட்டும் எனக்குத் திருப்தியில்லை. உள்ளே வைத்த அட்டை சுருங்கியதால் வலது காது இன்னும் சற்று மடங்கியே நிற்கிறது. ஈரமேற்றி நிமிர்த்தினால் கிழியும் என்று அவர் தொட மறுத்துவிட்டார். காரணம் நியாயமானதே, பார்க்கும்போது மனம் உறுத்துகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனிப் பீடம். சுவரில் மாட்டும் தலைக்குப் பின்புறம் என்று ஒன்று கிடையாது. தட்டையான பலகை சுவரோடு ஒட்டிவிடும், பின்னால் ஆணியும் சாக்கும் எப்படிக் கிடந்தாலும் யார் கண்ணிலும் படாது. பீடத்தில் ஏற்றினால் அந்த மறைவு போய்விடுகிறது. வேலையின் கடினமெல்லாம் அங்கேதான். பலர் பின்புறத்தைப் பாசி, செயற்கை இலை, பாறைபோல் பூசிய தெர்மாகோல் என்று வைத்து மூடுகிறார்கள். ஆசாரி முதலில் அப்படி ஒரு படத்தைக் கைப்பேசியில் காட்டினார். வேண்டாம் என்றோம். தோல் முடியும் விளிம்பை ஒட்டி, கழுத்தின் முட்டை வடிவத்துக்கே இழைத்த ஒரு தேக்குப் பலகை போதும் என்று பெரியவர் சொன்னார். அதை ஆசாரி செய்த விதம் அருமை. இடித்த பழைய பங்களா ஒன்றின் கதவு நிலையிலிருந்து எடுத்த தேக்கு. மலையிலேயே பல பத்தாண்டுகள் இருந்து பதப்பட்ட மரம், இனித் திருகாது. பலகையின் விளிம்பை உள்ளே சரித்துச் செதுக்கி, மயிர் அதன்மேல் இயல்பாகப் படியும்படி பொருத்தினார். தோலுக்கும் மரத்துக்கும் இடையே கத்தி நுனி நுழையாது. சுற்றிவந்து பின்னால் நின்று பார்ப்பவர்கள் முதலில் தொட நினைப்பது அந்தப் பலகையைத்தான்.

ஆனால் அடித்தளத்தில் தவறு செய்தார். கொம்போடு தலையின் எடை 14 கிலோ. அது தூணுக்கு முன்னால் ஒன்றரை அடிக்கு மேல் நீண்டு நிற்கிறது. அவர் 15 அங்குலச் சதுர அடித்தளத்தின் நட்டநடுவில் தூணை நிறுத்திக் கொண்டுவந்தார். வைத்துப் பார்த்ததும் நின்றது. பின்புறத்தில் ஒரு விரலால் தள்ளினேன், முன்னால் சாய்ந்துவிட்டது. என் கணவர் கழுத்தைக் கட்டிப்பிடித்திராவிட்டால் மூன்று மாத உழைப்பு தரையில் கிடந்திருக்கும். “பாரம் முன்னால விழுதுன்னு அளவு குடுக்கும்போதே சொன்னேனே, ஆசாரி” என்று பெரியவர் ஆற்றாமையோடு சொன்னார். ஆசாரி மறுத்துப் பேசவில்லை. பீடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அடித்தளத்தை 24 அங்குலமாக்கி, தூணை நடுவிலிருந்து பின்னால் தள்ளி, அடியில் கண்ணுக்குத் தெரியாதபடி இரும்புத் தகடு ஒன்றைப் பதித்து, எங்கள் பழைய பலகைத் தரையின் மேடுபள்ளத்துக்காக நான்கு மூலையிலும் திருகுக் கால்கள் வைத்து மூன்று வாரம் கழித்துக் கொண்டுவந்தார். கூடுதல் மரத்துக்குப் பணம் கேட்கவில்லை. இப்போது நான் இரண்டு கையாலும் தள்ளினாலும் அசைவதில்லை.

மெருகிலும் அவசரப்பட்டார். கார்த்திகை மழையில், கோத்தகிரியின் மூடுபனி சன்னல் வழியே வந்துகொண்டிருந்த நாளில் அரக்கு மெருகு போட்டார். அரக்கு காயும்போது காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும். மறுநாள் காலை தூண் முழுவதும் வெள்ளைப் படலம். மலையில் பட்டறை வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. வேலை தாமதமாகிவிட்டதே என்ற பதற்றத்தில் செய்திருக்கிறார். ஸ்பிரிட் தொட்டு அதை எடுத்துவிட்டு, தை மாத வெயிலில் மீண்டும் போட்ட மெருகு நன்றாக வந்திருக்கிறது.

உயரத்தைப் பற்றி எனக்கும் பெரியவருக்கும் ஒரு கருத்து வேறுபாடு இருந்தது. உட்கார்ந்தபடி பார்க்க வசதியாக, கண் மூன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். “தோள் உயரமே அஞ்சு அடிய எட்டுற மிருகம் அம்மா இது. முழங்காலிட்ட மாதிரி வைக்கச் சொல்றீங்களே” என்றார். கண் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே வருமாறு வைத்தோம். அவர் சொன்னது சரி. வாசற்படி ஏறி உள்ளே வருபவரின் பார்வைக்கு நேரே அது நிற்கிறது.

செலவு: தலையின் வேலைக்கு 26,000 ரூபாய், அதில் ஏழாயிரம் பொருள்களுக்கு, பீடத்துக்கு 21,500 ரூபாய். பெரியவர் தாம் எந்த இடத்தில் என்ன பசை, என்ன வண்ணம் இட்டார் என்பதை நான் கேட்டபின் நோட்டுப் புத்தகத் தாளில் வரிசையாக எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். கேட்காமலே கொடுத்திருக்க வேண்டும். வேலைக்கு முன் நிழற்படங்களும் எடுத்திருக்க வேண்டும். நாளைக்கு இதைத் திறக்கப்போகும் இன்னொருவருக்கு அதைவிட உதவியானது வேறில்லை. ஆசாரி கொடுத்த ரசீதில் “மரவேலை” என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. இருந்தாலும் தலையைப் பொறுத்தவரை இவரைவிட நல்ல கையை நான் பார்த்ததில்லை. பீடத்துக்கும் அதே ஆசாரியிடமே மீண்டும் போவேன், ஆனால் அளவை நானே தாளில் வரைந்துகொண்டு, மாசி பங்குனியில் போவேன்.

பராமரிப்புக்கு அவர் சொன்னவை குறைவு. கணப்பைப் பற்றவைக்கும் அறையாக இருந்தால் அதிலிருந்து எட்டடியாவது தள்ளி இருக்க வேண்டும்; நேர்வெயில் கூடாது; துடைப்பம் கூடாது; ஆண்டுக்கு ஒரு முறை சித்திரையில் அவரே வந்து பார்ப்பார். அடித்தளத்தின்மேல் கொம்பின் நிழல் விழும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்திருக்கிறேன். இன்று காலையும் குனிந்து பார்த்தேன். கணப்பிலிருந்து பறந்து வந்த ஒரு சாம்பல் துணுக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை.